சான் எஸ்தேபான்: போதகர்களுக்காகக் கட்டிய கோயில்

ஸ்பெயினின் சலாமங்கா நகரில், கான்சிலியோ தே திரெந்தோ சதுக்கத்தில் நிற்கும் சான் எஸ்தேபான் கோயிலைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் அதன் முகப்போடு நின்றுவிடுகின்றன. அந்த முகப்பு பேரழகுதான். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் கட்டடத்தைப் புரிந்துகொள்ள வேறொரு இடத்தில் தொடங்க வேண்டும். இது டொமினிக்கன் சபைத் துறவிகளின் மடத்துக் கோயில். அந்தச் சபைக்கு 'போதகர் சபை' என்பதே முறையான பெயர். மறையுரை ஆற்றுவதும் படிப்பதும் கற்பிப்பதும் அவர்கள் வேலை. ஒரு பெருங்கூட்டம் ஒரு குரலைக் கேட்க வேண்டும். நூற்றுக்கணக்கான துறவிகள் நாள்தோறும் பல வேளை கூடிப் பாட வேண்டும். பாடுகிறவர்களும் கேட்கிறவர்களும் ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கிடக் கூடாது. கோயிலின் நீளம், அகலம், தூண்கள் இல்லாத நடுக்கூடம், நுழைந்ததும் தலைக்குமேல் தாழ்ந்து வரும் மேல்மாடம் என எல்லாவற்றையும் இந்தத் தேவைகள்தான் தீர்மானித்தன.

டொமினிக்கன் துறவிகள் சலாமங்காவுக்கு வந்தது 13ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில். லெயோன் அரசர் ஒன்பதாம் அல்போன்சோ 1218இல் அங்கே பல்கலைக்கழகத்தை நிறுவியிருந்தார். படிப்பு இருக்கும் நகரங்களைத் தேடிப் போவது இச்சபையின் வழக்கம். முதலில் தோர்மெஸ் ஆற்றங்கரையில் சான் ஹுவான் எல் பிளாங்கோ என்ற சிறு கோயிலை ஒட்டித் தங்கினார்கள். 1256இல் வந்த பெருவெள்ளம் அந்த இடத்தைப் பாழாக்கியது. அதன்பின் நகருக்குள், மேட்டில் இருந்த புனித ஸ்தேவான் பங்குக் கோயில் அவர்களுக்குக் கிடைத்தது. எஸ்தேபான் என்பது, கிறிஸ்தவத்தின் முதல் மறைசாட்சியான ஸ்தேவானின் பெயருக்கு ஸ்பானிய வடிவம். இன்றும் சதுக்கத்துக்கு ஒரு சிறு கல்பாலம் வழியாகப் போகலாம். முன்பு அதன் அடியில் ஓர் ஓடை ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது நாம் பார்க்கும் கோயில் அந்தப் பழைய கட்டடம் அல்ல. 1524இல் அதை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். பணம் கொடுத்தவர் ஹுவான் ஆல்வாரெஸ் தே தொலேதோ. ஆல்பா பிரபுவின் மகன், இந்த மடத்திலேயே துறவியாக இருந்தவர், அப்போது கோர்தொபாவின் ஆயர், பின்னர் கர்தினால். அவருடைய குலச் சின்னமான சதுரங்கக் கட்டம் கட்டடத்தில் காணப்படும். நன்கொடையாளர் குடும்பம் தலைமைப் பீடத்தருகே அடக்கம் பெறும் உரிமை கேட்பதும், அதற்கு ஈடாகக் கட்டுமானச் செலவை ஏற்பதும் அந்தக் கால வழக்கம். 'இரும்புப் பிரபு' எனப் பெயர்பெற்ற மூன்றாம் ஆல்பா பிரபு ஃபெர்னாந்தோவின் எச்சங்களும் பிற்பாடு இங்கேயே கொண்டுவரப்பட்டன.

வேலை 1610 வரை, அதாவது எண்பத்தாறு ஆண்டுகள் நீண்டது. முதல் தலைமைக் கட்டடக் கலைஞர் ஹுவான் தே ஆலாவா. 1537இல் அவர் இறந்தபின், மடத்தைச் சேர்ந்த துறவியும் கட்டடக் கலைஞருமான மார்த்தின் தே சந்தியாகோ தொடர்ந்தார். அவருக்குப் பின் ரொத்ரிகோ கில் தே ஒந்தான்யோன், பிறகு ஹுவான் தெல் ரிபெரோ ராதா. இத்தனை கைகள் மாறியும் உள்ளே ஒட்டுப்போட்டது போலத் தெரியவில்லை. அதற்கு ஒரு காரணம், இவர்களில் முக்கியமானவர்கள் ஒரே வட்டாரத்துப் பட்டறை மரபில் வந்தவர்கள். சில நிமிட நடைதூரத்தில் இருக்கும் சலாமங்கா புதுப் பேராலயத்திலும் ஆலாவாவும் ரொத்ரிகோ கில்லும் வேலை செய்திருக்கிறார்கள். அலங்காரத்தில் புதிய இத்தாலியப் பாணி புகுந்தபின்னும், கூரை போடும் முறையில் அவர்கள் கோதிக் என்ற இடைக்காலப் பாணியை விடவில்லை.

அளவுகளைப் பார்க்கலாம். கோயிலின் நீளம் ஏறத்தாழ 84 மீட்டர். பக்கச் சிற்றாலயங்களைச் சேர்க்காமல் நடுக்கூடத்தின் அகலம் 14.5 மீட்டர். நடுக்கூடத்தின் உயரம் சுமார் 27 மீட்டர். குறுக்குக் கூடம் நடுக்கூடத்தை வெட்டும் இடத்தில் அது 44 மீட்டராக எழுகிறது. அகலத்தைப் போல ஏறக்குறைய இருமடங்கு உயரம், ஆறு மடங்குக்குச் சற்றுக் குறைவான நீளம். பேராலயங்களில் நடுக்கூடத்தின் இருபுறமும் தூண் வரிசைக்கு அப்பால் பக்கக்கூடங்கள் ஓடும். பின்னால் நிற்பவருக்குத் தூண் மறைக்கும். இங்கே அந்தச் சிக்கல் இல்லை. ஒரே கூடம், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. மறையுரை ஆற்றுபவரின் முகம் எந்த மூலையிலிருந்தும் தெரியும்.

தூண்களை எடுத்துவிட்டால் கூரையின் பாரத்தை யார் தாங்குவது? கல்கூரை கீழே மட்டும் அழுத்துவதில்லை, சுவர்களை வெளிப்பக்கமாகவும் தள்ளும். அந்தத் தள்ளலை எதிர்க்க, கூடத்தின் நீளவாட்டில் குறிப்பிட்ட இடைவெளிகளில் தடித்த உதைசுவர்கள் நிற்கின்றன. பிரெஞ்சுப் பேராலயங்களில் இவை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். காஸ்தீலிய மடத்துக் கோயில்களில் அவற்றைக் கோயிலுக்குள்ளேயே இழுத்துக்கொண்டு, ஓர் உதைசுவருக்கும் அடுத்ததற்கும் இடையில் கிடைக்கும் குழியைச் சிற்றாலயமாக்கினார்கள். தாங்கும் சுவரே அறைச்சுவராகவும் ஆகிறது. குடும்பங்கள் அந்தச் சிற்றாலயங்களின் புரவலர்களாகி அடக்க உரிமை பெற, மடத்துக்கு வருமானமும் வந்தது. ஆவிலாவில் 1482க்கும் 1493க்கும் இடையில் கட்டிய சாந்தோ தோமாஸ் மடத்துக் கோயிலிலும் இதே அமைப்பைப் பார்க்கலாம். கத்தோலிக்க அரசர்கள் எனப்பட்ட இசபெல், ஃபெர்னாந்தோ காலத்து மடங்களின் அடையாளம் இது.

கூரை விலா வளைவுகளால் ஆனது. மூலைகளிலிருந்து எழும் முதன்மை விலாக்களுக்கு நடுவே துணை விலாக்கள் கிளைத்து நட்சத்திர வடிவம் கொள்ளும். அவை சந்திக்கும் இடங்களில், விலாக்களைப் பூட்டி நிறுத்தும் சாவிக்கற்கள். இதை எப்படி ஏற்றினார்கள் என்பதற்கு ரொத்ரிகோ கில்லே எழுதிவைத்த குறிப்புகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. சலாமங்காவைச் சேர்ந்த சிமோன் கார்சியா என்ற கட்டடக் கலைஞர் 1681இல் அவற்றைத் தம் தொகுப்பில் படியெடுத்துச் சேர்த்தார். முறை இதுதான்: வளைவு தொடங்கும் மட்டத்தில் தடித்த பலகைகளால் ஒரு முழுத்தளம் போட வேண்டும். அதன்மேல் கூரையின் தரைப்படத்தை உண்மை அளவிலேயே கோடிட வேண்டும். ஒவ்வொரு சாவிக்கல்லும் வரவேண்டிய புள்ளியின்மேல் உரிய உயரத்துக்கு ஒரு மரக்கால் நட்டு, அதன் தலையில் முதலில் சாவிக்கல்லை வைக்க வேண்டும். தூக்குக்குண்டு தொங்கவிட்டால் கல் கோட்டுக்கு நேராக இருக்கிறதா என்று தெரியும். அதன்பின்தான் விலாக்கற்களை இருபுறமிருந்தும் அடுக்கி வந்து சாவிக்கல்லில் சேர்ப்பார்கள். கடைசியாக விலாக்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை மெல்லிய கற்களால் மூடுவார்கள்.

இதில் பிழை நேரும் இடங்கள் சில உண்டு. வளைவு தொடங்கும் அடிப்பகுதிக் கற்களைச் சாய்வாக வைக்காமல் கிடைமட்டப் படுகையாக, சுவரோடு பிணைத்தே வைக்க வேண்டும். இல்லையென்றால் விலா சுவரிலிருந்து வழுக்கும். சுண்ணாம்புச் சாந்து இறுகும் முன் மரக்கால்களை எடுத்தால் இணைப்புகள் நசுங்கி, கூரை உச்சியில் தாழ்ந்து, சுவர் மேற்பகுதியில் வெளியே சாயும். உதைசுவர் போதாமல் போனாலும் அதேதான். உதைசுவரை எவ்வளவு தடிப்பாக வைப்பது என்பது அந்தத் தலைமுறையின் பெரிய கேள்வி. வளைவு தொடங்கும் உயரத்தையும் விலாக்களின் நீளத்தையும் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, தடிப்பைப் பெறும் சூத்திரங்களை ரொத்ரிகோ கில் முயன்று பார்த்திருக்கிறார். கட்டமைப்பு விசையியல் என்ற துறை பிறக்கும் முன்பே அனுபவத்தை எண்களாக்க ஒருவர் எடுத்த முயற்சி அது. ஸ்பானியக் கட்டடக்கலை வரலாற்றில் எனக்கு மிகவும் மதிப்புக்குரிய பக்கங்கள் அவை.

முதன்மை வாயில் இருக்கும் மேற்குக் கோடியில், நடுக்கூடத்தின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு ஒரு மேல்மாடம் இருக்கிறது. துறவிகள் கூடிச் செபம் பாடும் இடம் அது. பேராலயங்களில் பாடற்குழு இடம் நடுக்கூடத்தின் நடுவிலேயே சுவர் எழுப்பி நிற்கும். மக்களுக்கும் பீடத்துக்கும் இடையில் அது தடையாகும். மடத்துக் கோயில்களில் அதை வாயிலுக்கு மேலே தூக்கிவிட்டார்கள். கீழே தரை முழுவதும் மக்களுக்கு. துறவிகள் மடத்தின் மேல்தளத்திலிருந்து நேராக மேல்மாடத்துக்கு வரலாம். கூட்டத்துக்குள் இறங்க வேண்டியதில்லை.

இதற்குக் கொடுத்த விலை ஒன்று உண்டு. மேல்மாடத்தின் தரையைச் சுமக்கும் வளைவு மிகத் தட்டையானது. வளைவு எவ்வளவு தட்டையோ அவ்வளவு கூடுதலாகப் பக்கவாட்டில் தள்ளும். எனவே அந்த இடத்துச் சுவர்கள் கூரையின் தள்ளலோடு இந்தத் தள்ளலையும் ஏற்கின்றன. வாயிலில் நுழைகிறவர் முதலில் தாழ்ந்த, இருண்ட கூரைக்கு அடியில் நடந்து, பிறகு சட்டென்று 27 மீட்டர் உயரத்துக்குள் வந்து நிற்பார். மேல்மாடத்திலுள்ள மர இருக்கைகள் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செய்தவை. அதன் சுவரை ஓவியர் அந்தோனியோ பலோமினோ 1705இல் திருச்சபையின் வெற்றியைக் காட்டும் சுவரோவியத்தால் நிரப்பினார்.

இப்போது முகப்புக்கு வரலாம். இரண்டு பெரும் உதைசுவர்களுக்கு இடையில், ஆழமான ஓர் அரைவட்ட வளைவு. அதன் உட்பக்கம் சதுரக் குழிகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. அந்த வளைவின் நிழலுக்குள், கோயிலின் உள்ளே இருக்க வேண்டிய பீடச் சிற்பத்தட்டியை வெளியே கொண்டுவந்து நிறுத்தியது போல, அடுக்கடுக்காகச் சிற்பங்கள். நடு அடுக்கில் ஸ்தேவான் கல்லெறியுண்டு மடியும் காட்சி. மிலான் பகுதியிலிருந்து வந்த ஹுவான் அந்தோனியோ செரோனி 1610இல் செதுக்கியது. அதற்கு மேல் சிலுவைக் காட்சி. சுற்றிலும் இலைக்கொடிகள், பாதி மனிதர் பாதி விலங்கு உருவங்கள், வட்டப் பதக்கங்கள். இந்த நுண்செதுக்குப் பாணிக்கு வெள்ளித்தட்டான் வேலையை நினைவூட்டும் 'பிளாத்தெரெஸ்கோ' என்ற பெயர் வழங்குகிறது.

அலங்காரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த வளைவின் இன்னொரு பயனைச் சொல்வதில்லை. அது ஒரு குடை. நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இலைநரம்புகூடத் தெரியும்படி செதுக்கல் நிலைத்திருப்பதற்கு, சாய்ந்தடிக்கும் மழையில் பெரும்பகுதி அந்த வளைவைத் தாண்டி உள்ளே வராததும் காரணம். ஏனென்றால் கல் அவ்வளவு கெட்டியானதல்ல.

நகருக்குச் சற்று வடமேற்கே இருக்கும் வில்யமயோர் கிராமத்தின் மணற்கல் அது. சலாமங்காவின் பழைய நகரம் முழுவதும் இதே கல்தான். சுரங்கத்திலிருந்து வெட்டும்போது ஈரமாக, மென்மையாக இருக்கும். உளிக்கு எளிதில் இணங்கும். உலர உலர மேற்பரப்பு இறுகும். கல்லிலுள்ள இரும்புத் துகள்கள் காற்றில் ஆக்சைடாகும்போது அது பொன்னிறம் பெறும். அதனால்தான் சிற்பிகள் சுரங்க ஈரம் போகும் முன்பே நுட்பமான வேலையை முடிக்கப் பார்த்தார்கள். வட ஸ்பெயினின் கடினமான கருங்கல்லில் இந்த அளவு நுணுக்கத்தைக் கனவிலும் எதிர்பார்க்க முடியாது.

குறையும் அதே குணத்தில் இருக்கிறது. கல்லில் நுண்துளைகள் அதிகம். களிமண் துகள்களும் அதற்குள் இருக்கின்றன. நிலத்து ஈரம் அடிப்பகுதிக் கற்களில் உறிஞ்சப்பட்டு மேலேறும். களிமண் நனையும்போது வீங்கும், உலரும்போது சுருங்கும். இது ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப நடந்தால் மேற்பரப்பு தகடு தகடாகப் பெயர்ந்து விழும். சலாமங்காவின் கடுங்குளிரில் துளைகளுக்குள் நீர் உறைவது அதை இன்னும் விரைவுபடுத்தும். ஆகவே கவனமுள்ள கட்டுநர்கள் தரையை ஒட்டிய வரிகளுக்குக் கருங்கல்லையோ நீரை எளிதில் உறிஞ்சாத வேறு கல்லையோ வைத்தார்கள். மேலே மட்டும் வில்யமயோர் கல். பழுதுபார்க்கும்போது சிமெண்டுப் பூச்சைத் தவிர்ப்பதற்கும் இதுவே காரணம்: சிமெண்டு ஈரத்தை வெளியே விடாது, அந்த ஈரம் பக்கத்துக் கல்லுக்குள் போக, அங்கே கல் உரியத் தொடங்கும். சுண்ணாம்புச் சாந்துதான் இந்தக் கல்லோடு ஒத்துப்போகும்.

முகப்புக்குச் செங்குத்தாக மடத்தின் வாயில் தாழ்வாரம் நிற்கிறது. 1590களின் தொடக்கத்தில் ரிபெரோ ராதா கட்டிய இந்த வளைவு வரிசையில் கோதிக்கின் சாயலே இல்லை. அமைதியான, அளவெடுத்த இத்தாலிய முறை. பல்லாதியோவின் கட்டடக்கலை நூலை 1578இல் ஸ்பானியத்தில் மொழிபெயர்த்தவர் அவர் என்பதை அறிந்தால் இதில் வியப்பில்லை.

உள்ளே, தலைமைச் சுவரை முழுவதும் மூடி நிற்கும் பொன்பூசிய மரப் பீடத்தட்டி கோயில் முடிந்து எண்பது ஆண்டுகளுக்குப் பின் வந்தது. 1692இல் ஒப்பந்தம் செய்துகொண்டபோது அதைச் செய்த கலைஞர் ஹோசே பெனீத்தோ தே சுரிகெராவுக்கு வயது இருபத்தேழு. 1694இல் வேலை முடிந்தது. கொடியும் திராட்சைக் குலையும் சுற்றிய ஆறு பிரமாண்டமான முறுக்குத்தூண்கள், நடுவில் ஒரு சிறு கோயில் வடிவில் நற்கருணைப் பேழை, அதன் இருபுறமும் புனித டொமினிக், அசிசியின் புனித பிரான்சிஸ் உருவங்கள். உச்சியில் இருக்கும் ஓவியம் அரசவை ஓவியர் கிளௌதியோ கோயெல்யோ வரைந்த ஸ்தேவானின் மறைசாட்சி மரணம்; அவருடைய இறுதிப் படைப்புகளுள் ஒன்று, 1693இல் அவர் இறந்துவிட்டார். ஆக, அதே மரணம் வெளியே கல்லில், உள்ளே நிறத்தில். இரண்டும் கோயிலின் ஒரே நீள அச்சில் அமைந்திருக்கின்றன.

இத்தட்டிக்கு நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பைன் மரங்கள் ஆயின என்று சொல்வது வழக்கம். இந்த அளவுத் தூணை ஒரே மரத்தில் கடைவதில்லை. பலகைகளை வட்டமாக ஒட்டி, நடுவை வெற்றிடமாக விட்டு, அதன்மேல் செதுக்குவார்கள். முழுமரமாக இருந்தால் உலரும்போது நெடுகப் பிளந்துவிடும். பிறகு ஜிப்சமும் விலங்குப் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு பல கை. அதன்மேல் செம்மண் நிறக் களிப்பூச்சு. அதை ஈரப்படுத்தி, தங்கரேக்கை ஒட்டி, அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். தங்கத்தின் வெதுவெதுப்பான நிறத்துக்குக் கீழே இருக்கும் அந்தச் செம்மண்தான் காரணம். பலகை இணைப்புகள் காலப்போக்கில் விரிவது, மரத்தைத் துளைக்கும் பூச்சி, மெழுகுவர்த்திக் கரி ஆகிய மூன்றும்தான் இவ்வகைத் தட்டிகளுக்கு நிரந்தரப் பகைகள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செவ்வியல் ரசனை தலைதூக்கியபோது சுரிகெராவின் பெயரே வசைச்சொல்லானது. அது அநியாயம். நடுக்கூடத்தின் நீண்ட ஒடுங்கிய இருட்டின் முடிவில் இவ்வளவு ஆழமான மேடுபள்ளம் இல்லாவிட்டால், 80 மீட்டருக்கு அப்பாலிருந்து பீடமே கண்ணுக்குத் தட்டுப்படாது. தூண்களின் முறுக்கு ஒவ்வொன்றும் ஒளியைப் பிடித்து அந்தத் தொலைவைக் கடக்க வைக்கிறது.

மடத்தின் பக்கத்தில் 'அரசர்களின் முற்றம்' எனப்படும் இரண்டடுக்குத் தாழ்வாரம் மார்த்தின் தே சந்தியாகோவின் கைவண்ணம். கீழ்த்தளத்தில் விலாக்கூரை, அகன்ற திறப்புகள். மேல்தளத்தில் அடர்த்தியான சிறு வளைவுகள். இரண்டையும் இணைக்கும் படிக்கட்டை ரொத்ரிகோ கில் 1550களில் கட்டினார். அதைக் கட்டச் செய்தவர் தொமிங்கோ தே சோத்தோ. பேரரசர் ஐந்தாம் சார்லஸின் ஒப்புரவுக் குரு, கத்தோலிக்கத் திருச்சபை கூட்டிய திரெந்து பொதுச்சங்கத்தில் பங்கேற்ற இறையியலாளர். சோத்தோ படிக்கட்டின் உட்பக்கத்தில் எந்தத் தூணும் இல்லை. ஒவ்வொரு படிவரிசையும் தாழ்ந்த ஒரு கல்வளைவின் மேல் கிடக்கிறது. அந்த வளைவின் ஒரு பக்கம் சுவருக்குள் பதிந்திருக்கிறது; அதன் மேல்முனை திரும்புமிடத்து மேடையில் முட்டுகிறது, கீழ்முனை முந்தைய வரிசையின் மேல் சாய்கிறது. தள்ளல் மூலைகளுக்குப் போய்ச் சுவர்களில் முடிகிறது. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் இந்தக் கணக்கு விளங்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் படிக்கட்டு.

துறவிகள் கூடி ஆலோசித்த பழைய பேரவைக்கூடத்தில் சோத்தோவும் ஃபிரான்சிஸ்கோ தே வித்தோரியாவும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கட்டடத்தின் வரலாற்றில் இவர்களைத் தவிர்க்க முடியாது. 1510இல் பெத்ரோ தே கோர்தொபாவின் தலைமையில் கரீபியத் தீவான எஸ்பான்யோலாவுக்குப் போன டொமினிக்கன் துறவிகள் இந்த மடத்திலிருந்து புறப்பட்டவர்கள். அவர்களில் ஒருவரான அந்தோனியோ தே மொந்தெசீனோஸ் 1511இல், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில், தீவு மக்களைக் கொடுமைப்படுத்திய ஸ்பானியக் குடியேறிகளின் முகத்துக்கு நேரே அவர்களைக் கண்டித்து மறையுரை ஆற்றினார். வித்தோரியா 1526 முதல் 1546 வரை பல்கலைக்கழகத்தின் முதன்மை இறையியல் பீடத்தை வகித்தார். அமெரிக்கப் பழங்குடிகள் தங்கள் நிலத்துக்கு உண்மையான உரிமையாளர்களே என்று 1539இல் விரிவுரை ஆற்றினார். அதே ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் பேரரசர் இந்த மடத்தின் தலைவருக்குக் கடிதம் எழுதி, 'இந்தியப் பகுதிகள்' என்று அப்போது அழைக்கப்பட்ட அமெரிக்க நிலங்கள்மீது தமக்குள்ள உரிமையைப் பற்றித் துறவிகள் பேசுவதையும் எழுதுவதையும் நிறுத்தும்படி ஆணையிட்டார். கோயில் அப்போது பாதிகூட முடியாமல் சாரத்துக்குள் நின்றுகொண்டிருந்தது. கொலம்பஸ் 1480களில் சலாமங்காவில் இருந்தபோது, அங்கே பேராசிரியராக இருந்த டொமினிக்கன் துறவி தியேகோ தே தேசாவின் ஆதரவைப் பெற்றார் என்பதையும், அவரை இந்த மடத்தார் வரவேற்றார்கள் என்ற மரபுக் கதையையும் அங்கே இன்றும் சொல்கிறார்கள்.

1830களில் ஸ்பானியப் பிரதமர் மென்திசாபலின் அரசு மடங்களைக் கலைத்துச் சொத்துகளைப் பறித்தபோது துறவிகள் வெளியேற நேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திரும்பி வந்தார்கள். 1988இல் யுனெஸ்கோ சலாமங்காவின் பழைய நகரத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

போகிறவர்களுக்கு ஒரு வரிசைமுறை. முகப்பு மேற்கு நோக்கியது. பிற்பகல் வெயிலில்தான் வளைவின் நிழலுக்குள் ஒளி எட்டும், காலையில் போனால் செரோனியின் சிற்பம் தட்டையாகத் தெரியும். மேல் அடுக்குகளுக்குச் சிறு தொலைநோக்கி உதவும். பார்வையாளர் வழி மடத்து வாயில் வழியாகப் போகிறது, ஆகவே முதலில் முற்றம். கோயிலுக்குள் வந்ததும் மேல்மாடத்தின் அடியில் போய் நின்று, அங்கிருந்து பீடம் நோக்கி நடக்க வேண்டும். 16ஆம் நூற்றாண்டு நகரத்தார் வந்த வழி அது. பிறகு சோத்தோ படிக்கட்டு வழியாக மேலே ஏறித் துறவிகளின் இருக்கை வரிசைக்குப் போகலாம். கூரையின் விலாக்கள் எங்கே கிளைக்கின்றன, எந்தச் சாவிக்கல்லில் சேர்கின்றன என்பதைக் கழுத்து வலிக்காமல் பின்தொடர அந்த மாடத்தைவிட நல்ல இடம் கிடையாது.